பல்லும் சமுதாயமும்

வகுப்பில் பாடத்தை உரத்து வாசிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் மாணவியரை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். வெருகலில் கற்பிக்கும் நாமும் கண்டிருக்கிறோம். முதலில் அதனை நாணம் என்றே எண்ணினோம். “கையை எடுத்துப்போட்டு வாசி, பிள்ளை” என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னோம். கை விலகியபோதுதான் காரணம் விளங்கிற்று. முன்வரிசைப் பற்களில் இரண்டு சூத்தை விழுந்து, கரிந்து, பாதியாகத் தேய்ந்திருந்தன. அன்றிலிருந்து அக்கையை விலக்கச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஆயினும் ஒரு வினா நம்மை விட்டு அகலவில்லை. ஒரு பிள்ளையின் புன்னகையை மூடிய கை யாருடையது? அவளுடைய சோம்பலா, தாயின் அறியாமையா, அல்லது இவ்விரண்டுக்கும் அப்பால் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு சமூக நியதியா?

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் முன்னோர் மொழி. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று கூறும் பழமொழியை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பல்லின் அருமையை இவ்வளவு நன்றாக உணர்ந்திருந்த ஒரு சமுதாயத்தின் உழைக்கும் மக்கள் தம் பற்களை எவ்வாறு இழந்தனர் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

நகரங்களில் இன்று பல் ஒரு பண்டமாகியிருக்கிறது. மஞ்சள் படிந்த பல்லை வெளுப்பாக்குதல், கோணற் பல்லைக் கம்பியிட்டு நேராக்குதல், விழுந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பில் உலோகவேர் பதித்தல், முன்பற்களின்மேல் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டுதல் எனச் சிகிச்சைகள் பல. இவற்றை நாம் இகழவில்லை. மனிதன் தன் முகத்தை விரும்புவது குற்றமாகாது. ஆனால் கிராமத்து ஏழை அறிந்த பல் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: வலி பொறுக்க முடியாத நாளில் பல்லைப் பிடுங்குதல். வெருகல் மக்கள் ஆற்றைக் கடப்பதற்கு நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரே பாலத்தின்மேல் நடந்து அக்கரை சேரும் வாய்ப்புக் கிட்டிற்று. இடையில் 2004இன் ஆழிப்பேரலையையும் 2006இன் இடப்பெயர்வையும் அவர்கள் கண்டனர். உயிரைக் காக்க ஓடுகிறவன் பொதியில் அரிசிக்கு இடமிருக்கும். பல் தூரிகைக்கு இடமிருக்குமா? பல்வலி அங்கே கடைசிக் கவலை. கடைசிக் கவலையாகக் காத்திருந்த பல், பிடுங்கப்படும் பல்லாகவே வைத்தியரிடம் போய்ச் சேருகிறது.

வெண்பல்தான் அழகு என்பதும் என்றும் மாறாதிருந்த விதி அன்று. வெருகலுக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டாரின் வெற்றிலை வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். வெற்றிலையாற் சிவந்த வாய் நம் மரபில் அழகின் அடையாளமாகவும் விருந்தின் அடையாளமாகவும் போற்றப்பட்டது. நெல்வயலிலும் கடலிலும் நெடுநேரம் உழைப்பவன் பசியையும் அயர்வையும் மறக்க அதனை நாடினான். அதன் விலை பின்னரே தெரியவந்தது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இலங்கை ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. வாயின் அழகும் வாயின் நோயும் மனிதனின் உழைப்போடும் வறுமையோடும் பின்னிக் கிடப்பவை என்பதற்கு இது ஒரு சான்று. இதனினும் தெளிவான சான்றொன்று வெருகல் ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறது.

வெருகல் ஆறு மகாவலியின் ஒரு கிளை. மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் பெய்யும் மழை, கொத்மலை ஓயாவாய் ஓடி, மகாவலியோடு கலந்து, பேராதனையையும் கண்டியையும் கடந்து, சமவெளியில் இறங்கி, இறுதியில் ஒரு பகுதி நம்மூரருகே கடலைச் சேர்கிறது. அம்மலையிலே, பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 1970இல் ஓர் ஆய்வு தொடங்கியது. உலகெங்கும் பல் வைத்தியம் பயிலும் மாணவர்கள் இன்றுவரை அதன் முடிவுகளைப் படிக்கிறார்கள். அத்தோட்டத்துத் தொழிலாளரின் இனத்தவரும் மொழியினருமான நாமோ அதனைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டதில்லை.

ஆய்வை நடத்தியவர் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும். லோ சாதாரணமானவர் அல்லர். பல் துலக்காமையே ஈறு அழற்சிக்குக் காரணம் என்பதைச் சோதனையால் நிறுவியவர்களுள் முதன்மையானவர். 1965இல் வெளியான அச்சோதனையில், ஆரோக்கியமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களிலேயே ஈறுகள் பழைய நிலைக்கு வந்தன. நோயின் காரணமும் அதைத் தடுக்கும் வழியும் அன்றே தெரிந்துவிட்டன.

எஞ்சியிருந்த வினா இது: துலக்காமல் ஆண்டுக்கணக்காக விட்டால் என்ன நேரும்? அதனை அறிய இரு கூட்டத்தார் தெரிவு செய்யப்பட்டனர். ஒரு கூட்டத்தார் ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களுமான 565 ஆண்கள். குழந்தைப் பருவம் முதல் ஆண்டுதோறும் பல் பரிசோதனையும் சிகிச்சையும் அந்நகரில் முறையாகக் கிடைத்துவந்தன. மற்றக் கூட்டத்தார் நம் மலையகத்துத் தேயிலைத் தொழிலாளரான 480 ஆண்கள். பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டியதே இல்லை என்பதுதான் அவர்கள் தெரிவு செய்யப்பட்டதற்குரிய தகுதி! இல்லாமையே தகுதியாவதும் வரலாற்றில் உண்டு.

மலையகத்தில் 1970இல் தொடங்கி 1985 வரை 6 முறை அவர்களின் வாய்கள் சோதிக்கப்பட்டன. ஈறு பல்லை விட்டு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்பது மில்லிமீற்றர் கணக்கில் அளக்கப்பட்டது. 1978இல் வெளியான கட்டுரையின்படி, 40 வயதை நெருங்கும் ஒஸ்லோ மனிதனிடம் அவ்விலகல் சராசரி ஒன்றரை மில்லிமீற்றர். நம் தொழிலாளியிடம் நாலரை மில்லிமீற்றர். 1986இல் வெளிவந்த முடிவு இன்னும் வியப்பானது. ஒரே மலையில், ஒரே வேலை செய்து, ஒன்றுபோலவே துலக்காதிருந்த இம்மனிதரிடையே நோய் மூவகையாகப் பிரிந்து நின்றது. 100க்கு 11 பேருக்கு ஈறு அழற்சிக்கு மேல் எதுவும் வளரவில்லை. 81 பேருக்கு நோய் மெல்ல வளர்ந்து, 45 வயதுக்குள் சராசரி 7 பற்களைக் கொண்டு சென்றது. எஞ்சிய 8 பேருக்கு அது காட்டுத்தீயாகப் பரவிற்று. அவர்கள் 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். அவர்களுக்குச் சூத்தை நோய் ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதும் குறிக்கத்தக்கது. சூத்தையற்ற நல்ல பற்கள், பிடிமானம் இழந்து உதிர்ந்தன.

அறிவியலுக்கு இது பெரும் பேறு. யாருக்கு நோய் வேகமாக வளரும், யாருக்கு வளராது என்று பகுத்துணரும் ஆராய்ச்சிகளுக்கு இதுவே வழி திறந்தது. அதனை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் அந்த ஆய்வுத் தொடருக்கு இடப்பட்ட பெயரை நோக்குங்கள்: ‘மனிதரில் ஈறு நோயின் இயற்கை வரலாறு’. இயற்கை வரலாறாம்! காட்டு மரம் தானே வளர்ந்து தானே சாய்வதை அவ்வாறு சொல்லலாம். 480 மனிதர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒரு தூரிகையோ ஒரு வைத்தியரோ எட்டாத நிலையில் வாழ்ந்தது இயற்கையின் செயலா?

இவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள். வரிசை வரிசையான லயக் காம்பிராக்களில் குடும்பத்தோடு ஒடுங்கியவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. பற்கள் அளக்கப்பட்ட அதே 15 ஆண்டுகளில்தான் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின; 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன; 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சிப் பலர் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு ஓடிவந்து குடியேறினர். ஆய்வின் தொடக்கத்தில் 480 பேர். 1985இல் 161 பேர். 2010இல் மீண்டும் தேடிச் சென்று பரிசோதிக்கப்பட்டவர்கள் 75 பேர். வாக்குச் சீட்டில் இடம்பெறாத மக்கள் விஞ்ஞான அட்டவணையில் இடம்பெற்றனர். ஆகவே அது சமூக வரலாறு. இயற்கை அதன் ஒரு பகுதியை மட்டுமே எழுதிற்று. அந்த 11 பேரையும் 8 பேரையும் பிரித்தது உடலின் இயல்பாக இருக்கலாம். ஒஸ்லோவையும் பூண்டுலோயாவையும் பிரித்தது மனிதர் வகுத்த ஏற்பாடே.

மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம் என்பதற்கும் இதே நாடு சான்று தருகிறது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியக் கல்வி தொடங்கிற்று. 1950களில் அக்கல்லூரி மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நியூசிலாந்து 1921இல் ஒரு புதுமை செய்தது. பட்டம் பெற்ற பல் வைத்தியர் போதாத நாட்டில், இளம்பெண்களைப் பயிற்றுவித்துப் பாடசாலைகளுக்கே அனுப்பிப் பிள்ளைகளின் பற்களைப் பேணச் செய்தது. கொழும்புத் திட்ட உதவியுடன் அம்முறை 1950களில் இலங்கையில் வேரூன்றியது. மகரகமவில் பயிற்சிப் பாடசாலை எழுந்தது. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அதற்குத் துணை நின்றன. பின்னர் புளோரைட்டு கலந்த பற்பசையும் வீடுகளுக்கு வந்தது. விளைவை எண்கள் சொல்லும். 1983–84ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் 12 வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் சூத்தையால் தாக்குண்ட நிலையான பற்கள் சராசரி 1.9. 2015–16இல் அது 0.6. வறிய நாடொன்று பணக்கார நாடுகளோடு ஒப்பிடத்தக்க நிலையை எட்டியது. பாடசாலைக்கு வைத்தியம் வந்தால் பல் நிற்கிறது, இது கண்கூடு.

ஆனால் பாடசாலைக்கு வருமுன் என்ன நடக்கிறது? பாற்பல் விழுந்துவிடுவது தானே என்ற எண்ணத்தால், 5 வயதுக் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் சூத்தையோடு இருப்பதை அதே தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. பாடசாலையை விட்டபின் என்ன நடக்கிறது? வரண்ட வலயத்தின் பல பகுதிகளில் கிணற்று நீரின் மிகையான புளோரைட்டு பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகப் பதிகிறது. அளவோடு பல்லைக் காக்கும் அப்பொருள் அளவு மீறினால் பல்லைக் கெடுக்கிறது. அக்கறை படிந்த பெண்ணுக்கு வெளுப்புச் சிகிச்சையும் பூச்சும் ஆடம்பரமா? நகரத்துச் செல்வர் அலங்காரம் என்று வாங்குவதும், கிராமத்துப் பெண் தலைநிமிர்ந்து பேசுவதற்கு வேண்டுவதும் ஒரே சிகிச்சைதான். முன்னவருக்கு அது விருப்பம், பின்னவளுக்கு மானம். விருப்பத்துக்குச் சந்தை இருக்கிறது. மானத்துக்கு வரிசையில் இடமில்லை. பல்லை அடைத்துக் காப்பாற்றுவதற்கும் பிடுங்கி எறிவதற்கும் இடையிலுள்ள தூரம் பல வேளைகளில் பணப்பையின் தூரமாகவே இருக்கிறது.

ஆசிரியரும் மாணவருமாகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பாடசாலைத் தண்ணீர்க் குழாயடியில் மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் பல் துலக்க ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். பாலர் வகுப்புத் தாய்மாருக்குப் பாற்பல்லின் அருமையைச் சொல்லலாம். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் நம் பிரதேசத்துக்கு எந்த நாளில் வருவார் என்று கேட்டு, வராவிட்டால் ஏன் என்று எழுதிக் கேட்கலாம். பிடுங்குவதற்கு முன் காப்பாற்ற வழியுண்டா என்று வைத்தியரிடம் வினவ மக்களைப் பழக்கலாம். வெற்றிலைத் தட்டின் ஆபத்தை நம் மூத்தோரிடம் மரியாதை குறையாமல் எடுத்துரைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பல் கெட்டவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சிரிக்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்கவேண்டும்.

மலையில் பெய்த மழை வெருகலுக்கு வந்து சேர்கிறது. மலையில் அளந்து பெற்ற அறிவும், பேராதனையில் வளர்ந்த கல்வியும், அதே வழியே நம் ஊருக்கு வந்து சேரவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. 480 தொழிலாளர் தம் வாயைத் திறந்து உலகுக்குக் கொடுத்த கல்வி அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

நம் வகுப்பு மாணவி இன்னமும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே வாசிக்கிறாள். அவள் குரல் தெளிவானது. பின்வாங்கு வரை கேட்கிறது.