தாய்க்குத் தாய் துணை

வானதூதரின் வாக்கைக் கேட்ட மரியன்னை மலைநாட்டிற்கு விரைந்தார்கள். ஆறு மாதக் கர்ப்பிணியான முதிய எலிசபெத்தம்மாளோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார்கள் என்கிறார் புனித லூக்காஸ். பிள்ளை சுமப்பவளின் பாரம் பிள்ளை சுமப்பவளுக்கே நன்கு விளங்கும்.

இவ்வுண்மையை 1956-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கத்தோலிக்கத் தாய்மார் எழுவர் மீண்டும் கண்டனர். அக்காலத்தில் அங்கே மயக்க மருந்தில் பிரசவம், வெளியே கணவர், வேறு அறையில் குழந்தை, வாயில் புட்டிப்பால் என்பதே வழக்கம். தாய்ப்பால் கொடுக்க விரும்பியவளுக்கு வழிகாட்ட ஆளில்லை.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தினரின் வனபோஜனத்தில் மேரி ஒயிட், மரியன் டாம்சன் இருவரும் தம் குழந்தைகளுக்குப் பாலூட்டினர். மற்றத் தாய்மார் சூழ்ந்துகொண்டு, "எங்களால் ஏன் முடியவில்லை?" என வினவினர். அக்டோபரில் பிராங்க்ளின் பார்க்கிலுள்ள மேரி ஒயிட்டின் இல்லத்தில் முதற்கூட்டம் நடந்தது. கர்ப்பிணித் தோழியர் அழைக்கப்பட்டனர். பெற்றவள் பெறப்போகிறவளுக்குத் தன் அனுபவத்தைச் சொன்னாள். கேட்டவள் பின்னர் பிறருக்குச் சொன்னாள்.

பாலூட்டுதலை வெளிப்படையாகப் பேசக் கூசிய காலம் அது. ஆகவே புளோரிடாவின் புனித அகுஸ்தீன் நகரத் திருத்தலத்தில் வணங்கப்படும் 'பாலின் அன்னை, சுகப்பிரசவ அன்னை' என்ற மாதாவின் ஸ்பானிய நாமத்திலிருந்தே 'லா லெச்சே' என்று சங்கத்திற்குப் பெயரிட்டனர். இன்று அது மதபேதமின்றிப் பல நாடுகளில் பணிபுரிகிறது.

அன்பர்களே, மருத்துவர் அவசியமே. ஆனால் நள்ளிரவில் அஞ்சும் தலைப்பிள்ளைக்காரிக்கு அண்டை வீட்டு அக்காளும் அவசியம். நம் பங்கில் எந்தக் கர்ப்பிணியும் தனித்திருக்க வேண்டாம்.