துருப்பிடித்த றிம்மும் ஒரு மழை இரவும்

போன கிழமை பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், றிம்மில துரு பிடிச்சிருக்கு. என்ன பொலிஷ் போட்டால் போகும்?" என்று கேட்டான். ரொறன்ரோவில் பனிக்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பட்டால் எந்த றிம்தான் தாங்கும்?

அவனுக்குச் சொன்ன பதிலின் பின்னால் ஒரு பெரிய கதையும் ஒரு சின்னக் கதையும் இருக்கின்றன. பெரிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களின் றிம்களுக்குப் பெயின்ற் அடித்தார்கள், அல்லது நிக்கல் முலாம் பூசினார்கள். நிக்கல் நாளடைவில் மங்கி மஞ்சளாகிவிடும். 1920களின் நடுப்பகுதியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொலின் ஃபிங்க் போன்றவர்களின் ஆய்வுகளால், குறோம் முலாம் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் கண்ணைப் பறிக்கும் அந்தப் பளபளப்பு.

ஆனால் பலரும் அறியாத ஒன்று: அந்தக் குறோம் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோனில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு தலைமுடியின் தடிப்பில் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இரும்பைக் காப்பாற்றுவது அதற்குக் கீழே இருக்கும் நிக்கல். அதில் ஒரு ஊசித்துளை விழுந்தாலும் உப்பும் ஈரமும் உள்ளே போய் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. முலாம் பூசும் தொட்டியில் மின்சாரம் மேடான இடங்களுக்கே அதிகம் போகும். பள்ளமான இடங்களில் முலாம் சரியாகப் பிடிக்காது. ரயரும் ரியூப்பும் உட்காரும் றிம்மின் உட்பக்கம் அப்படியான ஒரு பள்ளம். வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கும், உள்ளே உக்கிக்கொண்டிருக்கும்!

போர் வந்தால் முதலில் போவது இந்தப் பளபளப்புத்தான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்துக்காக பிஎஸ்ஏ நிறுவனம் எம்20 மோட்டார் சைக்கிள்களை ஒரு இலட்சத்துக்கும் மேல் செய்தது. றிம் உட்பட எல்லாவற்றுக்கும் மங்கல் பெயின்ற்தான். கொரியப் போர்க்காலத்தில் (1950-53) நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் அங்கே பல மோட்டார் சைக்கிள்களின் றிம்கள் திரும்பவும் பெயின்ற்றுக்குப் போயின.

எங்கள் போரில் அந்தப் பெயின்ற்கூடக் கிடைப்பது கஷ்டம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் உங்களில் பலருக்கு மறந்திராது. கடல் காற்று வேறு. அப்பா தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒவ்வொரு ஞாயிறும் றிம்மைத் துடைப்பார்.

இனிச் சின்னக் கதை. 1995 இல் ஒரு நாள் அப்பா பின் சில்லைக் கழற்றி, ரயரை எடுத்து, என் கையில் ஒரு கம்பி பிரஷையும் எங்கோ தேடிப் பிடித்த கொஞ்ச றெட் ஒக்சைட் பெயின்ற்றையும் தந்தார். "உள்பக்கத் துருவை வடிவாச் சுரண்டிப் போட்டு இதைப் பூசு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். எனக்கு விளையாடப் போகும் அவசரம். வெளிப்பக்கத்தை மினுக்கினேன். உள்ளே துருவின் மேலேயே பெயின்ற்றைப் பூசிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு "கெட்டிக்காரன்" என்றார்.

ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம், ஒரு ஒடுங்கிய வீதி, கொட்டும் மழை. அப்பாச்சியைப் பின்னால் இருத்தி, பொட்டலங்களைக் கட்டி, அப்பா மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். செம்மணி தாண்டவில்லை, பின் சில்லில் காற்றுப் போய்விட்டது. அந்த நெரிசலில் ஒட்டுவதற்கு எங்கே இடம்? அப்பாச்சியால் நடக்க முடியாது. சாவகச்சேரி மட்டும் அந்தத் தட்டைச் சில்லோடு அப்பா தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன்.

அடுத்த நாள் ரயரைக் கழற்றினார். றிம்மிலிருந்து செதிலாகக் கிளம்பிய துரு ரியூப்பைக் குத்தியிருந்தது. அதை நகத்தால் எடுத்துப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்து, இரும்பு என்ன செய்யும்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அப்பா போய்ச் சேரும்வரை திறக்கவில்லை.

பெடியனுக்குச் சொன்னது இதுதான். வெளித்துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய். அலுமினியம் குறோமைவிட மென்மையானது, கீறாது. ஆனால் போன குறோம் திரும்பி வராது. முதலில் ரயரைக் கழற்று. உள்ளே துருவை முழுக்கச் சுரண்டு. பொஸ்போரிக் அமிலம் கலந்த துருநீக்கி போட்டுக் காயவிட்டு, துத்தநாகப் பெயின்ற் பூசி, புது றிம் ரேப் சுற்று. றிம் மெலிந்துபோயிருந்தால் யோசிக்காமல் தூக்கி எறி.

"உள்ளுக்கு ஆர் அங்கிள் பார்க்கப் போகினம்?" என்றான்.

நான் கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு அவனோடு கராஜுக்குப் போனேன்.