சாட்சி கேட்கப்பட்ட புத்தகங்கள்



போன வாரம் நம் பழைய மாணவி ஒருவர், இப்போது அவரே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "சார், சுயசரிதைகள் படிக்கணும்னு ஆசையா இருக்கு. சினிமாக்காரங்க எழுதினதிலிருந்து போராளிகள் எழுதினது வரைக்கும் ஒரு பட்டியல் குடுங்க." பட்டியல் போடுவது சுலபம். பத்துப் பெயரை எழுதிவிட்டால் முடிந்தது. ஆனால் பட்டியலைப் பார்த்து யாரும் படிப்பதில்லை என்பது வீட்டுப்பாடம் திருத்தியே காலம் கழித்த எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

ஆறாம் வகுப்பில் வரலாற்றுச் சான்றுகள் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் பயணக் குறிப்பு என்று விரல் விட்டு எண்ணச் சொல்வேன். யோசித்துப் பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை அரசன் வெட்டியது, அரசன் அடித்தது, அரசனைப் பார்க்க வந்தவன் எழுதியது. வயலில் நின்றவளும் சமையற்கட்டில் இருந்தவளும் எங்கே பேசினார்கள்? அவர்கள் பேசிய இடம் தன்வரலாறு. அப்படிப் பேசியபோது உலகம் முதலில் கேட்ட கேள்வி, "இது நிஜம்தானா? சாட்சி எங்கே?" என்பதுதான்.

பிரபலத்திலிருந்தே தொடங்குகிறேன். சார்லி சாப்ளின் 1964ல் தன் சுயசரிதையை வெளியிட்டார். முதல் பாதி அபாரம். தாய் ஹன்னா மேடைப் பாடகி, குரல் போய்விட்டது, பிறகு மனநிலையும் பாதிக்கப்பட்டது. ஏழு வயதில் சாப்ளின் லண்டன் லாம்பெத்தில் ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதிக்குப் போகிறார். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு அவருடைய 'தி கிட்' படத்தைப் பாருங்கள், வேறு படமாகத் தெரியும். ஆனால் இரண்டாம் பாதியில் யார் யாரோடு விருந்து சாப்பிட்டேன் என்ற கணக்குதான் அதிகம். இரண்டாவது மனைவியைப் பற்றிச் சில வரிகள், அதிலும் அவர் பெயர் இல்லை! பெரிய மனிதர்களின் சுயசரிதையில் எது இல்லை என்று பார்ப்பது ஒரு தனிச் சுவை. யாரும் அவரிடம் அத்தாட்சிக் கடிதம் கேட்கவில்லை. சாப்ளின் சொன்னார், உலகம் வாங்கிப் படித்தது.

இப்போது நூறு ஆண்டுக்கு மேல் பின்னால் போவோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஃபிரெடெரிக் டக்ளஸ். சிறுவனாகப் பால்டிமோர் நகரத்து வீடொன்றில் வேலை செய்தபோது வீட்டு எஜமானி அன்பாக எழுத்து கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். கணவன் பார்த்துத் தடுத்துவிடுகிறான். படித்த அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். அந்தச் சிறுவனுக்கும் அது புரிந்துவிட்டது. சட்டைப் பையில் ரொட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு தெருவுக்குப் போவான். பசியோடு திரியும் வெள்ளைக்கார ஏழைப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்பான். எத்தனையோ ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், கற்றல் ஆர்வத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. அந்தப் பையன்களின் பெயரை அவர் நூலில் எழுதவில்லை. அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது அங்கே பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது, பெயர் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம். சாப்ளின் விட்ட பெயருக்கும் இவர் விட்ட பெயருக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

1838ல் தப்பி வடக்கே போனார். மேடைகளில் பேசத் தொடங்கினார். பேச்சு அவ்வளவு செம்மையாக இருந்ததால் கேட்டவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது: இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியுமா? அதற்குப் பதிலாகத்தான் 1845ல் புத்தகம் எழுதினார். எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாம் அப்பட்டமாக. நான்கு மாதத்தில் 5,000 பிரதிகள் விற்றன. ஆனால் ஊரும் பேரும் சொன்னதால் தன்னையே காட்டிக்கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சட்டப்படி அவர் இன்னும் இன்னொருவனின் 'சொத்து', எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போகலாம். கடல் கடந்து அயர்லாந்து, பிரிட்டன் என்று போய்விட்டார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி 1846ல் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். 711 டாலர் 66 சென்ட். ஒரு மனிதனுக்கு ரசீது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேரிலாந்துக்காரர் ஒருவர் பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார்: "அந்த ஆளை அடிமையாக இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும், அவனுக்கு இப்படியெல்லாம் எழுத வராது" என்ற பொருளில். டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். நான் அடிமையாக இருந்தேனா என்பதுதானே எல்லாருடைய சந்தேகமும்? அதற்குச் சாட்சி சொல்ல எதிரியே வந்துவிட்டார்.

ஆண் நிலை இது. ஒரு பெண் எழுதினால் என்ன ஆகும்?

ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்தப் பதிவே முக்கியமாக அவருக்காகத்தான். 1813ல் வட கரோலினாவில் ஈடன்டன் என்ற ஊரில் அடிமையாகப் பிறந்தவர். வீட்டு எஜமானன் ஒரு டாக்டர். அவனுடைய தொல்லை தாங்காமல் ஓடி ஒளிகிறார். எங்கே தெரியுமா? ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லை. பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கு அடியில் இருந்த பொந்தில். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயரமான இடத்திலும் மூன்று அடிதான். எழுந்து நிற்க முடியாது. எலிகள். கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் கை கால் விறைப்பு. அதற்குள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்திருக்கிறார்.

ஒரு நாள் கையில் ஒரு துளையிடும் கருவி தட்டுப்படுகிறது. அதை வைத்துச் சுவரில் சிறு துளை போடுகிறார். அந்தத் துளை வழியாகக் கீழே விளையாடும் தன் இரண்டு குழந்தைகளைப் பார்க்கிறார். அவர்களுக்கு அம்மா மேலே இருப்பது தெரியாது. அவள் வடக்கே தப்பிப் போய்விட்டாள் என்று டாக்டரை நம்பவைக்க, வடக்கே போகிறவர்கள் மூலம் அங்கிருந்து கடிதம் போட ஏற்பாடு செய்கிறார். டாக்டர் நியூயார்க் வரை போய்த் தேடிவிட்டு வருகிறான். இவர் அவன் வீட்டுக்கு அருகிலேயே படுத்திருக்கிறார்.

1842ல் படகேறித் தப்பினார். பிறகு ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிப் பெரும் புகழோடு இருந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் தன் கதையை எழுத உதவி கேட்டுத் தூது அனுப்பினார். ஸ்டோவோ அந்தக் கதையைத் தன்னுடைய அடுத்த புத்தகத்தில் சேர்த்துக்கொள்ள விரும்பினார். ஜேக்கப்ஸ் சம்மதிக்கவில்லை. தானே எழுதுவது என்று முடிவெடுத்து, பகலெல்லாம் குழந்தைகளைப் பார்த்துவிட்டு இரவில் எழுதினார். 1861ல் புத்தகம் வந்தது. மானத்துக்கு அஞ்சியும், உதவியவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்றும் எல்லாப் பெயரையும் மாற்றியிருந்தார். தன் பெயரை லிண்டா பிரென்ட் என்று வைத்துக்கொண்டார். பதிப்பித்துக் கொடுத்தவர் லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர்.

பெயர் மாற்றியது பாதுகாப்புக்காக. அதுவே பின்னால் வினையானது. காலப்போக்கில் இது சைல்ட் எழுதிய நாவல் என்றே பலர் நினைத்துவிட்டார்கள். 1970களில்கூட, அடிமை வாழ்க்கையை ஆராய்ந்த ஒரு பெரிய வரலாற்றாசிரியர் இந்த நூல் நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினார். கதை மிகைப்பட்டிருக்கிறதாம்! ஏழு வருடம் ஒரு பொந்தில் படுத்திருந்தவளின் வாழ்க்கை மிகையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

ஜீன் ஃபேகன் யெலின் என்ற பேராசிரியை அதை விடவில்லை. ஜேக்கப்ஸ் தன் தோழிக்குத் தன் கையால் எழுதிய கடிதங்கள் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தன. அவற்றையும் ஈடன்டன் ஊர்ப் பதிவேடுகளையும் நூலோடு ஒப்பிட்டு, நூலில் வரும் டாக்டர் யார், பாட்டி யார் என்று ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். 1987ல் அவருடைய பதிப்பு வந்தது. எழுதியவர் 1897லேயே இறந்துவிட்டார். தன் புத்தகம் தன்னுடையதுதான் என்று நிரூபணமாக, இறந்த பிறகும் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆசிரியர் குடும்பம் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். 1864ல் வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியா நகரில், அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஜேக்கப்ஸ் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். துளை வழியாகப் பார்த்தாரே, அந்த மகள் லூயிசா அங்கே ஆசிரியை.

சாலமன் நார்த்தப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' படம் பல பேர் பார்த்திருப்பீர்கள். சுதந்திர மனிதனாகப் பிறந்தவரை 1841ல் கடத்தி லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக வைத்தார்கள். 1853ல் மீண்டு வந்து, தன்னை விற்ற வியாபாரி மேல் வாஷிங்டனில் வழக்குத் தொடர்ந்தார். கறுப்பர் என்பதால் வெள்ளைக்காரனுக்கு எதிராக அவர் சாட்சி சொல்லக்கூடாது என்றது நீதிமன்றம். வியாபாரி தப்பினான். கூண்டில் சொல்ல முடியாததை அதே ஆண்டு புத்தகமாகச் சொன்னார். 1968ல் சூ ஈக்கின், ஜோசப் லாக்ஸ்டன் என்ற இருவர் பண்ணைப் பதிவுகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் தேடி அவர் சொன்னதைச் சரிபார்த்துப் பதிப்பித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ராஸசுந்தரி தேவி, இன்றைய வங்காளதேசத்தில் பாப்னா பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம். முக்காடு போட்டு, பெரிய கூட்டுக்குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு, பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். கணவரின் குதிரை முன்னால் வரக்கூட வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டேன் என்று எழுதுகிறார், அவருடைய குதிரை ஆயிற்றே! சிரிப்பு வரும், கூடவே வேறு ஏதோவும் வரும். இருபத்தைந்து வயதுவாக்கில் படிக்க ஆசை. பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற காலம். வீட்டிலிருந்த 'சைதன்ய பாகவத'த்திலிருந்து ஓர் ஏட்டைக் கழற்றி எடுத்து அடுப்படியில் ஒளித்து வைக்கிறார். மகன் எழுதிப் பழகிய பனை ஓலையை இன்னொரு பக்கம் வைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டு, முக்காட்டுக்குள்ளேயே கற்றுக்கொள்கிறார். ஆசிரியர் கிடையாது. அவர் எழுதிய 'ஆமார் ஜீபன்' 1876ல் வெளிவந்தது. வங்க மொழியில் அச்சான முதல் தன்வரலாறு இதுதான். எழுதியது ஒரு சமையற்கட்டுக்காரி.

டக்ளஸுக்கு ரொட்டி, இவருக்குக் கிழித்த ஏடு. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், கடலுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்.

இருபதாம் நூற்றாண்டில் பிரிமோ லெவி. இத்தாலியில் டூரின் நகரத்து வேதியியலாளர், யூதர். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். கையில் பச்சை குத்திய எண் 174517. முகாமில் கைதிகள் பலருக்கும் ஒரே கனவு வருமாம்: வீட்டுக்குத் திரும்பி, நடந்ததை எல்லாம் சொல்கிறார்கள், வீட்டார் காது கொடுக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். அவர் திரும்பி வந்து நூல் எழுதியபோது கனவு பலித்த மாதிரிதான் ஆனது. பெரிய பதிப்பகம் ஒன்று மறுத்துவிட்டது. 1947ல் ஒரு சின்னப் பதிப்பகம் 2,500 பிரதிகள் போட்டது. விற்காமல் தேங்கிய 600 பிரதிகள் ஃபிளாரன்ஸில் ஒரு கிடங்கில் கிடந்து 1966 வெள்ளத்தில் போயின. நல்லவேளை, முதலில் மறுத்த பதிப்பகமே 1958ல் அதை மறுபதிப்பு செய்திருந்தது. ஆங்கிலத்தில் 'இஃப் திஸ் இஸ் எ மேன்' என்று தேடுங்கள். கோபமே இல்லாமல் எழுதியிருப்பார். ஆய்வுக்கூடக் குறிப்பு மாதிரி. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆன் ஃபிராங்க் டைரியை நீங்கள் படித்திருப்பீர்கள், தமிழிலும் உண்டு. அதையும் போலி என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் திரிந்தது. நெதர்லாந்து அரசு நிறுவனம் தாள், மை, கையெழுத்து எல்லாவற்றையும் தடயவியல் சோதனைக்கு அனுப்பி, அசல்தான் என்ற முடிவோடு 1986ல் ஆய்வுப் பதிப்பு வெளியிட்டது. பதினைந்து வயதுப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்துக்குத் தடயவியல்!

தமிழில் எதைப் படிப்பது என்று கேட்பீர்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அவர் 1942ல் மறைந்ததால் 1899ஆம் ஆண்டுச் செய்திகளோடு நின்றுவிட்டது. சீவக சிந்தாமணியைப் பற்றிச் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டபோது தனக்கு அது தெரியாது என்பதை மறைக்காமல் எழுதியிருப்பார், அந்த இடம் ஒன்றுக்காகவே வாங்கலாம். அடுத்து பாமாவின் 'கருக்கு', 1992. அவரும் ஆசிரியை. பேச்சுத் தமிழிலேயே எழுதினார். இதெல்லாம் ஒரு நடையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று கல்லூரிகளில் பாடம். பனை மட்டைக் கருக்கு கையைக் கிழிக்கும் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது? ஆங்கிலம் தயக்கம் என்றால் 'கருக்கு', ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆங்கிலம் வரும் என்றால் டக்ளஸ், நூறு பக்கம் சொச்சம்தான். டக்ளஸ், ஜேக்கப்ஸ், நார்த்தப் மூவரின் நூல்களும் காப்புரிமைக் காலம் கடந்தவை, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஜேக்கப்ஸை மட்டும் முடிந்தால் யெலின் பதிப்பில் படியுங்கள். பின்னால் உள்ள குறிப்புகளை விட்டுவிடாதீர்கள், அவைதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த சாட்சிகள். படித்தவர்கள் கீழே எழுதுங்கள். 'நைஸ் சார்' என்று மட்டும் போட்டால் மதிப்பெண் கிடையாது.