அளத்தின் காவலும் கணினியின் வாசலும்

மரக்காணத்து உப்பளங்களின் வரலாறு நெடியது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கருதுவர். நெய்தல் நிலத்து உப்பு வண்டியேறி உள்நாடு சென்றதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. ஆயினும் விளைந்த உப்பு யாருக்கு உரியது என்பது எளிய கேள்வியாக என்றும் இருந்ததில்லை. 1805இல் கும்பினியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தம் தனியுரிமையாக்கிக்கொண்டனர். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம், உரிமமின்றி உப்பு விளைவிப்பதைக் குற்றமாக வைத்தது. பாத்தியில் நாளெல்லாம் கால் பதித்து நின்றவர், தாம் வாரிய உப்பைத் தம் விருப்பப்படி வீட்டுக்குக் கொண்டுபோக இயலாது. அந்த வரி 1947இல்தான் நீங்கியது.

இதே கடற்கரைப் பள்ளிகளுக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தபோதும் இந்த உரிமைக் கேள்வி கூடவே வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் தந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்தின் முதல் பதிப்பு 2007இல் வெளிவந்தது. உப்பளத் தொழிலாளியின் மகளோ மகனோ அதைத் திறந்ததும், 'நீ யார்?' என்றுதான் கணினி முதலில் வினவியிருக்கும்.

அக்கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் வயது. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை அமைத்தபோது கடவுச்சொல்லையும் கொண்டுவந்தனர். ஒதுக்கிய நேரம் போதாத ஓர் ஆய்வு மாணவர் 1962இல் கடவுச்சொற் பட்டியலையே அச்சிட்டு எடுத்துக்கொண்ட கதையும் உண்டு. காவலும் களவும் ஒன்றாகவே பிறந்தன போலும். 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அம்முறையைத் தொடர்ந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் யூனிக்ஸின் வழி வந்தது.

புதிதாய்ப் புகுபவரைத் திகைக்கவைக்கும் ஒரு வழக்கமும் அம்மரபிலிருந்தே வந்தது. முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலும் திரையில் எதுவும் தோன்றாது. ஒரு புள்ளிகூட இராது. விசைப்பலகை பழுதென்று எண்ணி விட்டுவிடுவோர் உண்டு. அன்றைய முனையங்கள் பல, தட்டியதைத் தாளில் அச்சிடும் டெலிடைப் கருவிகள். இரகசியம் தாளில் பதிந்துவிடாதிருக்கவே எழுத்து மறைக்கப்பட்டது. தாள் போயிற்று, மறைப்பு நின்றது.

அடுத்தது அதிகாரம். லினக்ஸில் 'ரூட்' என்னும் கணக்குக்கு எல்லாம் ஆகும். பிறருக்கு அவரவர் கோப்புகள் மட்டுமே. 2004இல் வந்த உபுண்டு ரூட் கணக்கைப் பூட்டிவைத்து, நிறுவியவருக்கு 'சூடோ' என்னும் கட்டளை வழியே தேவைப்படும்போது மட்டும் அதிகாரம் அளித்தது. தாமே நிறுவிக்கொள்வோர் இக்கணக்கைத் தாமே படைக்கிறார்கள். பிறர் நிறுவித் தந்த கணினியில் அக்கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அதை அறிந்து, மாற்றித் தனதாக்கிக்கொள்வதே முதல் வேலை. அதைச் செய்யாதவர் தம் கணினியிலேயே குடிக்கூலிக்கு இருப்பவர்.

பிறகு மொழி. 1991இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. இதற்கிடையே கேடிஈ, க்னோம் போன்ற லினக்ஸ் மேசைத்தளங்களின் பட்டிகளைத் தன்னார்வலர்கள் சொல் சொல்லாகத் தமிழாக்கினர். ஆயினும் இவ்வுழைப்பெல்லாம் மொழியைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு பட்டியலுக்குப் பின்னேதான் கிடக்கிறது. அங்கே தமிழைச் சொடுக்காவிட்டால் அது கண்ணுக்கே படுவதில்லை. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 போன்ற ஒரு தமிழ் முறையைச் சேர்க்காவிட்டால் தன் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.

பொருளைக் கொடுப்பதோடு உரிமை கைமாறிவிடுவதில்லை என்பதற்கு உப்பளமே சான்று. வாசலில் ஒருமுறை உடன் நின்று, இது கடவுச்சொல், இது மொழி, இது உன் கோப்புறை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்கு அப்பணியைச் செய்துவருகிறார்கள். உபுண்டு, பாஸ் என்று பெயர்கள் மாறலாம். உடன் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்று இல்லை.