விடைபெறும் டிரைவரும் உறங்கும் சாதனமும்

கணினியின் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் ஏபிஎம் விதிமுறையை இன்டெலும் மைக்ரோசாப்டும் 1992-இல் கொண்டுவந்தன. 1996-இல் அதற்கு அடுத்த விதிமுறையாக ஏசிபிஐ வந்தது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேலையற்ற ஒற்றைச் சாதனத்தை மட்டும் உறங்கவைக்கும் பொதுவான ஏற்பாடு லினக்ஸ் கர்னலில் 2009 டிசம்பரில், 2.6.32 பதிப்பில் இடம்பெற்றது. கர்னல் உருவாக்குநர் ரஃபேல் வைசோக்கியின் உழைப்பு அது.

சிக்கல், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கழற்றும் நேரத்தில்தான். சாதனம் உறங்கும்போது அதன் கிளாக்கும் (கடிகாரத் துடிப்பு) நின்றிருக்கலாம். அந்நிலையில் டிரைவர் அதன் ரெஜிஸ்டரை (சாதனத்தின் கட்டுப்பாட்டு நினைவிடத்தை) தொட்டால், பல ஏஆர்எம் சில்லுகளில் கணினியே உறைந்துவிடும்.

அதனால் டிரைவரைக் கழற்றும்முன் கர்னல் சாதனத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையை (இது சுழியத்துக்கு மேல் இருக்கும்வரை சாதனம் உறங்காது) ஒன்று கூட்டி, நிலுவையில் இருந்த உறக்கக் கோரிக்கைகளை ரத்துசெய்தது. தொடங்கிவிட்டவை முடியும்வரை காத்திருந்தது. நல்ல பாதுகாப்பு. ஆனால் எண்ணிக்கை உயர்ந்தே இருந்ததால், போகும்போது சாதனத்தை உறங்கவைத்துவிட்டுப் போக விரும்பிய டிரைவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று!

2011-இல் வைசோக்கி இதைத் திருத்தினார். டிரைவரின் விலகல் பணி தொடங்குமுன்பே எண்ணிக்கை இறக்கப்பட்டது. உறக்க வேலைகளுடனான மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு டிரைவரிடம் வந்தது. டிரைவருக்கான விதி இதுதான்: தேவைப்பட்டால் சாதனத்தை எழுப்பு, வேலையை நிறுத்து, மின் மேலாண்மையை முடக்கு, கூட்டிய எண்ணிக்கையைக் குறை. இதில் ஒன்றை மறந்தாலும், மறுபடி டிரைவரை ஏற்றும்போது கோளாறு தலைகாட்டும். முடக்கும் வேலையைத் தானாகச் செய்யும் உதவிச் செயற்கூறு 2021-இல் கர்னலில் சேர்ந்தது.