வயதை எண்ணுவதா, வலுவை அளப்பதா? சிறுநீர்ப்பை நீக்கமும் அபாயக் கணிப்பின் வரலாறும்

1887ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் பெர்ன்ஹார்ட் பார்டன்ஹாயர் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோயுற்ற ஒருவரின் சிறுநீர்ப்பையை முழுவதுமாக அகற்றினார். இத்தகைய அறுவைகளுள் முதலாவதாக மருத்துவ வரலாறு குறிப்பிடுவது இதனையே. சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் குழாய்களைக் குடலுடன் இணைக்க இயலவில்லை. இரண்டு வாரங்களில் நோயாளி இறந்தார். இவ்வறுவை செய்யத்தக்கதுதானா என்பதே அக்காலத்தின் கேள்வி.

அதற்கு நிலைத்த விடையொன்று 1950இல் கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த யூஜின் பிரிக்கர், சிறுகுடலில் ஒரு துண்டைப் பிரித்து, சிறுநீர்க்குழாய்களை அதில் பொருத்தி, அதன் மறுமுனையை வயிற்றுச் சுவரில் திறப்பாக அமைக்கும் முறையை விவரித்தார். அறுவை இயலக்கூடியதாக மாறியதும், அதை யார் தாங்குவார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. இப்புற்றுநோய் பெரிதும் முதியோரையே பற்றுகிறது. புகைபிடித்தல் அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாதலால், நோயாளிகள் பலருக்கு இதயமும் நுரையீரலும் முன்னமே பழுதுற்றிருக்கும்.

தாங்கும் திறனை அளக்கும் முயற்சி வேறொரு துறையில் தொடங்கியிருந்தது. 1941இல் மேயர் சக்லாட் முதலிய மயக்கவியல் மருத்துவர்கள், நோயாளியின் உடல்நிலையைத் தரப்படுத்தும் அட்டவணை ஒன்றை வெளியிட்டனர். அறுவையின் அபாயத்தைக் கணிப்பது அதன் நோக்கமன்று. புள்ளிவிவரங்களை ஒப்பிடப் பொதுவான வகைப்பாடு ஒன்றை அளிப்பதே நோக்கம். எனினும் அதன் வழிவந்த வகைப்பாடு, பிற்காலத்தில் அபாயத்தின் அளவுகோலாகவே கையாளப்பட்டது.

அடுத்து வந்த குறியீடுகளில் வயதின் இடம் ஊசலாடியது. 1977இல் லீ கோல்ட்மன் குழுவினர் வகுத்த இதய அபாயக் குறியீட்டில், எழுபதைக் கடந்தவருக்கு அதன் பொருட்டே 5 புள்ளிகள் சேர்ந்தன. 1999இல் தாமஸ் லீ குழுவினர் அதைத் திருத்தியபோது எஞ்சிய ஆறு காரணிகளில் வயது இல்லை. 1987இல் மேரி சார்ல்சன் அமைத்த உடன்நோய்க் குறியீட்டின் வயது சேர்த்த வடிவிலோ, எண்பது வயதினர் ஒருவர் பிற நோய் ஏதுமின்றியே 4 புள்ளிகள் பெறுகிறார். இதில் முரண்பாடு இல்லை. முன்னவை இதயச் சிக்கலை மட்டும் வினவின. பின்னது இறப்பை வினவியது. ஒரு கேள்விக்கான விடையை மற்றொன்றுக்கு உரியதாகப் படிக்கும்போதே பிழை நேர்கிறது.

2001இல் லிண்டா ஃப்ரீட் குழுவினர் ‘நலிவு’ என்பதற்கு வரையறை தந்தனர். எடையிழப்பு, களைப்பு, கைப்பிடி வலுக்குறைவு, நடைவேகக் குறைவு, உடலியக்கக் குறைவு ஆகிய ஐந்தில் மூன்று இருப்பின் ஒருவர் நலிந்தவர். 2010இல் மார்ட்டின் மக்காரி குழுவினர், அறுவைக்கு வந்த 594 முதியோரிடம் இதனைச் சோதித்தனர். நலிந்தோருக்குச் சிக்கல்கள் மிகுந்தன. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் நீண்டன. தம் வீடு திரும்பாது பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்ல நேர்ந்தோரும் மிகுந்தனர். பிறந்த ஆண்டு சொல்லாததை உடலின் இருப்பு சொன்னது.

ஆயினும் இவ்வளவையும் இடஞ்சார்ந்ததே. பிடிவலுவின் எல்லை, அமெரிக்க முதியோர் குழு ஒன்றின் கடைசி ஐந்திலொரு பங்கினரைக் கொண்டு வகுக்கப்பட்டது. தெற்காசியரின் சராசரிப் பிடிவலு அதைவிடக் குறைவு என்பதைப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வெல்லையை அப்படியே இங்குப் பொருத்தினால், அறுவையைத் தாங்கக்கூடிய ஒருவரும் நலிந்தவராகப் பதிவாகலாம்.

அப்பதிவின் விளைவு சிறிதன்று. தசைச் சுவரை ஊடுருவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயைச் சிகிச்சையின்றி விட்டால், பெரும்பாலோர் ஈராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. எனவே அறுவையை மறுப்பதும் அபாயமே. குறியீடுகள் அதைக் கணக்கில் கொள்வதில்லை. கட்டியைச் சுரண்டி எடுத்தபின் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்தளித்துச் சிறுநீர்ப்பையைக் காக்கும் வழியும் உண்டு. 360 நோயாளிகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வொன்று, கதிர்வீச்சை மட்டும் அளிப்பதைவிட இக்கூட்டுமுறை நோயை அவ்விடத்தில் நன்கு கட்டுப்படுத்துவதை 2012இல் காட்டியது. நலிவு என்ற கணிப்பு, இவ்வழிகளுள் பொருந்துவதைத் தேரவும், அறுவைக்கு முன் ஊட்டத்தாலும் உடற்பயிற்சியாலும் வலுவூட்டவும் பயன்படுமாயின் அது நோயாளிக்கு உதவும். கதவடைக்கும் முத்திரையானால் பழைய வயது வரம்பே புதுப்பெயரில் திரும்பியதாகும்.

இவ்வரலாறு நெடுகிலும் பெரிதும் எண்ணப்பட்டவை இறப்புகளும் சிக்கல்களுமே. வயிற்றில் ஒட்டிய பையைத் தன் கையால் மாற்ற இயலுமா, இயலாவிடில் வீட்டில் யார் மாற்றுவார், மீண்டும் தானாக எழுந்து நடமாட முடியுமா என்பவை முதியவர் கேட்கும் கேள்விகள். எந்த அபாயத்தை ஏற்பது என்று முடிவு செய்ய, குறியீட்டின் எண்ணுடன் அவருடைய விடைகளும் வேண்டும்.