லட்சத்தீவு: பவளம் எழுப்பிய நிலமும் அதன் மரபும்

அரபிக்கடலில், கேரளக் கரையிலிருந்து சுமார் 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவு, நாட்டின் மிகச் சிறிய யூனியன் பிரதேசமாகும். ஒரே மாவட்டமாக நிர்வகிக்கப்படும் இப்பிரதேசத்தின் 36 தீவுகளுடைய மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 10 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64 ஆயிரத்துக்கும் சற்று அதிகம். தலைநகர் கவரட்டி.

நிலமும் நீரும்

கடலுக்கடியில் மூழ்கியுள்ள மலைத்தொடரின் மீது பவள உயிரிகள் காலங்காலமாகச் சேர்த்த சுண்ணாம்பே இத்தீவுகளின் அடித்தளம். பெரும்பாலான தீவுகள் பவளத்திட்டின் கிழக்கு விளிம்பில் நீண்டு கிடக்க, மேற்கே ஆழமற்ற காயல் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள இந்நிலத்தைப் பேரலைகளிடமிருந்து காப்பது பவளத்திட்டுதான்.

இங்கு ஆறுகள் இல்லை. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறுகள் உவர்ப்பாகிவிடும். இதற்குத் தீர்வாக, சென்னையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் திறன் கொண்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை 2005-இல் கவரட்டியில் நிறுவியது.

வரலாறும் பண்பாடும்

ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னர் இத்தீவுகள் கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தின் ஆளுகையில் இருந்தன. பின்னர் அமினித் தீவுகள் தென் கன்னட மாவட்டத்துடனும், ஏனையவை மலபார் மாவட்டத்துடனும் இணைக்கப்பட்டன. 1956 நவம்பர் 1-இல் யூனியன் பிரதேசமாகும் வரை இவை சென்னை மாநிலத்தின் பகுதிகளாகவே நீடித்தன. 1973-இல் லட்சத்தீவு என்னும் பெயர் சூட்டப்பட்டது.

மக்களில் பெரும்பான்மையோர் இஸ்லாமியர். மண்ணின் மைந்தர்களில் ஏறக்குறைய அனைவரும் பட்டியல் பழங்குடியினர். ஆயினும் தாய்வழி மரபு இன்றும் தொடர்கிறது. தாய்வழியில் வரும் குடும்பச் சொத்து ‘வெள்ளிக்கிழமைச் சொத்து’ என்றும், ஒருவர் தாமே ஈட்டியது ‘திங்கட்கிழமைச் சொத்து’ என்றும் அழைக்கப்படுகின்றன. மலையாளத்தின் வட்டார வழக்கான ஜெசரி பரவலாகப் பேசப்படுகிறது. மாலத்தீவுக்கு அருகிலுள்ள மினிக்காயில் மட்டும் மஹல் மொழி வழங்குகிறது. அங்கு 1885-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

பவளம் வெளுத்தால்

தென்னையும் சூரை மீனும் தீவினரின் வாழ்வாதாரம். சூரையை வலைவீசிப் பிடிக்காமல், தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது இங்குள்ள மரபு. அதற்குத் தேவையான உயிருள்ள இரைமீன்கள் காயலிலும் பவளப்பாறை இடுக்குகளிலும் கிடைக்கின்றன. அவித்து, புகையூட்டி, உலர்த்தப்படும் ‘மாசு’ கருவாடு நெடுங்காலமாக ஏற்றுமதிப் பொருளாக விளங்குகிறது.

கடல்நீர் வெப்பமடைந்ததால் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஒரு பாதிப்பிலிருந்து பவளங்கள் மீள்வதற்குள் அடுத்தது நேர்ந்துவிடுகிறது. பங்காரம் பவளத்திட்டைச் சேர்ந்த, மக்கள் வசிக்காத பரளி தீவு ஒன்று மண்ணரிப்பால் மறைந்துவிட்டதாக 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இத்தீவுகளில் பவளம் அழிந்தால் இரைமீன், சூரை, நன்னீர், குடியிருப்பு நிலம் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்துப் பாதிக்கப்படும்.